திங்கள் முதல் வெள்ளி வரை பிறந்தவர்கள்

அந்த ஊரில் ஒரு காலத்தில் சனி, ஞாயிறுகளில் யாரும் பிறந்ததில்லை. மே மாதத்தில் சுத்தமாகப் பிறந்ததில்லை. இருபத்து நாலு வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது, ஊரில் ஒருத்தருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. தண்ணீரிலோ காற்றிலோ விசேஷம் ஒன்றும் கிடையாது. எல்லாம் டீச்சர் செய்த வேலை.

டீச்சர் என்றால் ஊருக்கே ஒரே டீச்சர். இரண்டு அறைப் பள்ளிக்கூடம், ஐந்து வகுப்பு. ஒரு அறைக்குத் தகரக் கூரை, மழை வந்தால் அங்கே பாடம் நடத்துகிறவருக்கு வாய் மட்டும்தான் அசையும். பத்தொன்பது வயதில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் அறுபதில்தான் எழுந்தார். இப்போது எழுபத்து நாலு. எழுந்து பதினாலு வருஷம் ஆகியும் தெருவில் அவர் வருவது தெரிந்தால் மீசை நரைத்த ஆட்கள் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டு போகிறார்கள். புகை மட்டும் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும்.

பாடம் நடத்துவது அவர் வேலையில் பாதிகூட இல்லை. விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் படித்துச் சொல்வது, கோபித்துக்கொண்டு போன மருமகளுக்குப் பதில் கடிதம் எழுதுவது, அதில் மாமியார் சொல்லச் சொன்னதை விட்டுவிட்டு வேறு எழுதுவது, எல்லாம் அவர் தலையில்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையே என்று யாராவது ஆரம்பித்தால், "என் வருகைப் பதிவேட்டுல அறுபத்தெட்டுப் பேர் இருக்காங்க. இன்னும் ஒருத்தரை எங்க உட்கார வைக்கிறது?" என்பார். கேட்டவர்கள் உண்மையிலேயே இடத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பிறந்தநாள் விஷயத்துக்கு வருவோம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

"பாப்பா எப்பம்மா பொறந்துச்சு?"

"புயல் அடிச்சுதே டீச்சர், அதுக்கு முந்தின வாரம்."

"எந்தப் புயல்?"

"எங்க வீட்டுக் கூரை போச்சே, அந்தப் புயல்."

அந்த வீட்டுக் கூரை எந்தப் புயலுக்குத்தான் போகவில்லை! அப்புறம் என்ன, பிள்ளையை நிற்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. சில அம்மாக்கள் வீட்டிலேயே ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, பிள்ளையின் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே கூட்டி வருவார்கள். "கழுத்த நேரா வை" என்பதுதான் பலருக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

வயது கிடைத்துவிட்டது, தேதி வேண்டுமே. மற்ற ஊர்களில் எல்லாப் பிள்ளைக்கும் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நம் டீச்சருக்கு அது பிடிக்காது. "மனுஷன் ஆயுசு முழுக்க எழுதப்போற தேதி. அதைப் போய் கூட்டம் கூட்டமாவா குடுக்கறது?" என்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தேதி. அதுவும் பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் விழ வேண்டும். பிறந்தநாள் அன்று பிள்ளையை நடுவில் நிறுத்தி வகுப்பு முழுக்கப் பாட வேண்டும், டீச்சரின் தகர டப்பாவிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் எந்தக் கவனிப்பும் கிடைக்காத பிள்ளைக்கு வருஷத்தில் ஒரு நாளாவது கிடைக்கட்டும் என்பது அவர் எண்ணம். லீவு நாளில் பிறந்து தொலைத்தால் யார் பாடுவது? அதனால்தான் சனி, ஞாயிறு, மே எல்லாம் காலி.

இரண்டு அறையின் நாற்காலியும் ஒருவர் பிருஷ்டத்துக்குக் கீழே இருந்தால் இப்படி எத்தனையோ சட்டம் போடலாம்.

ஊரில் ஆஸ்பத்திரி வந்து, பிறந்த சீட்டு கொடுக்க ஆரம்பித்ததும் இந்த அதிகாரம் டீச்சர் கையை விட்டுப் போனது. அதன் பிறகு ஜனங்கள் கட்டுப்பாடில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகூடப் பிறக்கிறார்கள். அந்த அதிகாரத்தைப் பிடுங்கியதும் வேறு யாருமில்லை, டீச்சரின் சின்னத் தங்கைதான். அந்த ஆஸ்பத்திரியின் முதல் நர்ஸ், இன்றுவரை ஒரே நர்ஸ். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார் என்று போர்டில் எழுதியிருக்கிறது. போர்டு தினமும் இருக்கிறது.

டீச்சருக்கு இரண்டு தங்கைகள். அம்மா சின்னவளைப் பெற்றுவிட்டு ஒரு வருஷத்தில் போய்விட்டார். அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை, மாதத்தில் இரண்டு நாள்தான் வீடு. வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்தபோது டீச்சருக்குப் பத்தொன்பது, நடுத்தங்கைக்கு ஐந்தரை. சின்னவளுக்கு நாலுகூட நிறையவில்லை. அவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போ என்றார்கள் அக்கம்பக்கத்தில். சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடு என்றார்கள். டீச்சர் முதல் நாள் காலையில் இரண்டு பேருக்கும் தலை வாரி, இரண்டு கையிலும் ஒவ்வொருத்தியாகப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். புத்தம் புதிய சேர்க்கைப் பதிவேட்டில் பதினோராவது வரியில் நடுத்தங்கையைச் சேர்த்தார், நிஜமான தேதியோடு. பன்னிரண்டாவது வரியில் சின்னவள். காதைத் தொடச் சொன்னார். அவள் கை உச்சந்தலையைக்கூடத் தாண்டவில்லை.

"தொட்டுட்டேன்" என்றாள் சின்னவள்.

"தொட்டுட்ட" என்றார் டீச்சர்.

ஒரு தேதி எழுதினார். அம்மா இல்லாத பிள்ளை, பிறந்தநாளுக்கு நாலு பேராவது பாடட்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து எழுதினார். ஊர் முழுக்கப் பின்னால் நடந்த கூத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அவசரத்தில் ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்ய மறந்தார். மேல் வரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐம்பத்தைந்து வருஷம் யாருமே பார்க்கவில்லை.

இந்த ஏப்ரல் முதல் வாரத்தில் நர்ஸுக்கு ஒரு கடிதம் வந்தது. வயது அறுபது நிறைவதால் மாதக் கடைசியில் ஓய்வு, மூட்டையைக் கட்டு என்று மரியாதையான பாஷையில் எழுதியிருந்தது. அவளுக்குப் பதிலாக வேறு நர்ஸ் வரமாட்டார், பணியிடம் காலியாகவே இருக்கும் என்று ஆபீசில் வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். ஊர் கலங்கிவிட்டது. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு மாசம் இருந்துட்டுப் போங்கக்கா" என்று அழுதாள். நர்ஸ் ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தானும் அழுதாள். அவளுக்கு அந்த வேலைதான் குடும்பம், பொழுதுபோக்கு, எல்லாம்.

அதைப் பார்த்த டீச்சருக்கு மனசு தாங்கவில்லை. ஐம்பத்தைந்து வருஷம் கட்டிக் காத்த ரகசியம் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"அழாதடி. உனக்கு இன்னும் அறுபதே ஆகல."

"என்னது?"

"ஒரு வருஷம் நாலு மாசம் கூட்டி எழுதிட்டேன். உன்னை வீட்டுல விட்டுட்டுப் போக மனசு வரல."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. "இத்தனை வருஷமா நான் ஒண்ணே கால் வயசு கூடுதல் கிழவியாவா சுத்திட்டு இருக்கேன்? என் வருஷத்த எனக்குத் திருப்பிக் குடு. மனு போடறேன்!"

தையல்கடை வைத்திருக்கும் நடுத்தங்கை கத்திரிக்கோலும் கையுமாக ஓடி வந்தாள். "அவளுக்குக் குறைக்கறதா இருந்தா எனக்கும் குறை. எனக்கு மட்டும் ஏன் நிஜத் தேதி? நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அவளைச் சமாதானப்படுத்தவே ஒரு சாயங்காலம் ஆனது.

மனு போட்டார்கள். தேதியை எழுதியவரே நேரில் வந்து, தவறாக எழுதிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் திருத்தலாம் என்று பதில் வந்தது. டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. செய்த தப்பைச் சரிசெய்ய எழுபத்து நாலு வயதில் ஒரு வாய்ப்பு! ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று வாக்குமூலம் ஒத்திகை பார்த்தார். பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் அக்காவும் தங்கையும் கிளம்பினார்கள். நர்ஸ் முந்தின ராத்திரி இரண்டு பிரசவம் பார்த்துவிட்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. எழுந்து நின்று வணக்கம் சொல்லி, இருவருக்கும் மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலிகளைக் காட்டினார். இவ்வளவு மரியாதையான ஆளைப் பார்த்ததும் டீச்சருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. மேஜைமேல் அந்தப் பழைய பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"பதினொண்ணாவது வரியும் பன்னெண்டாவது வரியும் உங்க தங்கச்சிங்கதானே டீச்சர்?"

"ஆமா சார்."

"அப்பா ஒருத்தர்தானே?"

"ஒருத்தர்தான்."

"அம்மா?"

"அவங்களும் ஒருத்தர்தான் சார்."

"பதினொண்ணு, நவம்பர் பத்து. பன்னெண்டு, அடுத்த ஏப்ரல் பதினஞ்சு." அதிகாரி விரல் விட்டு எண்ணினார். ஒரு கையிலேயே எண்ணிக்கை முடிந்துவிட்டது. "அஞ்சு மாசம்."

நாற்பத்தொரு வருஷம் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்த டீச்சர் திருதிருவென்று விழித்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அதத்தான் சார் தப்புன்னு சொல்ல வந்தேன்" என்றார்.

"சந்தோஷம். ஆனா நான் இன்னும் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்." அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்தார். அதில் அவர் அழகாகக் கோடு போட்டு எழுதியிருந்தார். "இருபத்து நாலு வருஷம், முந்நூத்திப் பதினேழு பிள்ளைங்க. ஒருத்தர்கூட சனிக்கிழமை பொறக்கல. மே மாசம் பொறக்கல. ஞாயித்துக்கிழமை பொறந்தது ஒரே ஒருத்தர், இந்தப் பதினொண்ணாவது வரி."

அது நடுத்தங்கை. பதிவேட்டிலேயே நிஜமான தேதி அவளுடையது மட்டும்தான்.

"இன்னொண்ணு. எண்ணெய் மில்லுல வேலை பார்த்தவரோட பசங்க, இரட்டைப் பிள்ளைங்கன்னு நீங்களே ஓரத்துல குறிச்சிருக்கீங்க. ரெண்டு பேருக்கும் மூணு வாரம் வித்தியாசம்."

டீச்சருக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரே நாள் வைத்தால், பாட்டு தனக்கா தம்பிக்கா என்று இரண்டும் கட்டிப் புரண்டு சண்டை போடும் என்று முன்யோசனையாகச் செய்த காரியம். அதை வெளியே சொல்ல முடியுமா!

அதிகாரி பேனாவை மேஜையில் வைத்தார். குரலில் கடுமை இல்லை. "நான் யாரையும் மாட்டிவிடணும்னு உட்காரல டீச்சர். ஆனா இந்த ஒரு தேதி பொய்னு நீங்க கையெழுத்துப் போட்டா, விதிப்படி மொத்தப் புத்தகத்தையும் விசாரணைக்கு அனுப்பியாகணும். முந்நூத்திப் பதினேழு பேரோட காகிதமும் முடியற வரைக்கும் நிக்கும். வேலையில இருக்கறவங்க இருப்பாங்க, பதவி உயர்வுக்குக் காத்துட்டு இருக்கறவங்க இருப்பாங்க. போடலேன்னா, உங்க தங்கச்சிக்கு மாசக் கடைசியில ஓய்வு. நீங்கதான் சொல்லணும்."

டீச்சருக்கு எதிரே ஒரு வெள்ளைத்தாள் தயாராக இருந்தது. அவர் பேனாவை எடுத்தார். கூடவே வரிசையாக முகங்கள் வந்தன. தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவன், போன வருஷம்தான் வேலை நிரந்தரமானவன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகத் தபால் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பெண். இரட்டையர்கள். ஒவ்வொருத்தரையும் காதைத் தொடச் சொன்ன கை இது. பக்கத்து நாற்காலியில் தங்கை. இவளுக்கு ஒரு வருஷம் நாலு மாசம். நாற்பத்தொரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் போட்டவருக்குத் தன் பேரின் முதல் எழுத்தே வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் செய்த தப்புக்கு இவள் ஏன் அனுபவிக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நிமிஷம் டீச்சர் தன்னையே வெறுத்தார்.

நர்ஸ் எட்டி அந்தப் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"சார், அக்காவுக்கு வயசாச்சு. ஞாபகம் தப்பிப் போச்சு. என் தேதி சரியான தேதிதான். மனுவை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஏய்!" என்றார் டீச்சர்.

"நீ சும்மா இருக்கா."

அதிகாரி திகைத்தார். "அஞ்சு மாசம்மா!"

"நான் குறைமாசம் சார்."

"குறைமாசம்னா ஏழு மாசம், எட்டு மாசம் கேள்விப்பட்டிருக்கேன்."

"நீங்க எத்தனை பிரசவம் பார்த்திருக்கீங்க?"

"நான் எதுக்கும்மா பார்க்கறேன்?"

"நான் முப்பத்தாறு வருஷமாப் பார்க்கறேன்."

"அதுக்காக நர்ஸே இப்படிச் சொல்லலாமா?"

"நர்ஸ் சொன்னாதான் சார் செல்லும். வேற யார் சொன்னாலும் சிரிப்பாங்க."

அதிகாரிக்கு வாய் கோணியது. அடக்கிக்கொண்டு, "பொறந்தப்ப எடை எவ்வளவு இருந்தீங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும் சார்? நான் அப்ப கைக்குழந்தை."

"சரி, அந்த இரட்டைப் பிள்ளைங்க?"

"சின்னவன் எப்பவுமே ஆற அமர வர்ற ஆள் சார். இப்பவும் பஸ்ஸுக்கு லேட்டாத்தான் வருவான்."

"மே மாசம்?"

"வெயில் சார். யார் வருவாங்க?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு வாபஸ் கடிதத்துக்கான தாளை நர்ஸ் பக்கம் நகர்த்தி, எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினார். கோடு போட்டு வைத்திருந்த தன் காகிதத்தை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். நர்ஸ் ஒரு வினாடி தயங்கினாள். அந்த ஒரு வினாடியில் அவள் முகத்திலிருந்து கேலி எல்லாம் வடிந்து போனதை டீச்சர் பார்த்தார். பிறகு அவள் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கம், நர்ஸ் பக்கத்தில். ஆயுசில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத டீச்சர், தொண்டையைக் கனைத்துக் கனைத்து நாலாவது நிறுத்தத்தில் ஒரு வழியாகக் கேட்டார்.

"மன்னிச்சுக்கடி."

"எதுக்கு?"

"உன் வருஷத்த வாங்கித் தர முடியலையே. ஆஸ்பத்திரி இல்லாம நீ எப்படிடி இருப்ப?"

நர்ஸ் வெளியே பார்த்தாள். "கஷ்டமாத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ரொம்பக் கஷ்டமா இருக்கும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "ஆனா என்னை வீட்டுல வச்சுப் பூட்ட மனசு வராமத்தானே எழுதின? அந்தத் தேதியப் பொய்யின்னு நான் எப்படிக்கா கையெழுத்துப் போட விடுவேன்?"

டீச்சர் தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பன்னெண்டு நாள் இருக்கு. நாளைக்குக் காலையில டியூட்டி. என்னைக் கொஞ்சம் தூங்க விடு" என்று சொல்லி நர்ஸ் அக்காவின் தோளில் தலையைச் சாய்த்தாள். சாய்த்த மாத்திரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப் போனாள். லேசான குறட்டை வேறு. தோள் மரத்துப் போனது. டீச்சர் மூச்சைக்கூட அளந்து அளந்து விட்டார்.

அவர்கள் இறங்கும் நிறுத்தம் வந்தது. பஸ் நின்றது. கண்டக்டர், டீச்சரின் பதிவேட்டில் இருநூற்று நாலாவது வரி, ஒரு புதன்கிழமைப் பிள்ளை. படியில் நின்றபடியே உரக்கக் குரல் கொடுத்தான்.

"டீச்சர்! உங்க ஸ்டாப்பு வந்துடுச்சு!"

டீச்சர் உதட்டில் விரலை வைத்தார்.

கண்டக்டர் வாய் தானாக மூடிக்கொண்டது. பின் சீட்டில் போன் பேசிக்கொண்டிருந்தவன் போனைக் கீழே வைத்தான். அரட்டை அடித்துக்கொண்டு வந்த நாலு ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்கள். டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஹாரனிலிருந்து கையை எடுத்தான். பஸ் முழுக்கச் சத்தம் அடங்கியது.

விசிலை ஊத வாய் வரை கொண்டுபோன கண்டக்டர் அதைப் பையில் போட்டுக்கொண்டான். ஓசைப்படாமல் அடி எடுத்து வைத்து டீச்சர் அருகே வந்து குனிந்தான்.

"தூங்கட்டும் டீச்சர். கடைசி ஸ்டாப்பு போயிட்டுத் திரும்பி வரும்போது எறக்கி விடறேன்" என்று காதோரம் சொல்லிவிட்டு, டிரைவருக்குக் கையை மட்டும் ஆட்டினான். பஸ் மெதுவாக நகர்ந்தது.